மதுரையில் பன்மைக்காதலர் வட்டம் தொடங்க முன்வந்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

வணக்கம். பன்மைக்காதல் உறவில், அதாவது எல்லோரும் அறிந்து ஒப்ப ஒரே காலத்தில் ஒருவருக்கு மேற்பட்டவர்களோடு கொள்ளும் காதல் உறவில், இருப்பவர்களும் அதைப் பற்றி அறிய விரும்புபவர்களும் மாதம் ஒரு முறை நேரில் கூடிப் பேசுவதற்கு மதுரையில் ஒரு வட்டத்தைத் தொடங்கப் போவதாக நீங்கள் எழுதிய அறிவிப்பும், அதனுடன் இணைத்த உறுப்பினர் படிவமும் கைமாறி என்னிடமும் வந்து சேர்ந்தன. கருத்துச் சொல்லுமாறு கேட்டிருக்கிறீர்கள். தனிப்பட்ட முறையில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் நாளை திண்டுக்கல்லிலோ விருதுநகரிலோ இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்கும் இது பயன்படக்கூடும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன். நான் குடும்பநல வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். வழக்கறிஞர்கள் விளம்பரம் தேடிக்கொள்ளக் கூடாது என்று எங்கள் தொழிலில் விதி இருப்பதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

இந்த வட்டம் தேவை என்பதில் எனக்கு ஐயம் இல்லை. என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் சிலர் உட்காருவதற்கு முன்பே கதவைச் சாத்தலாமா என்று கேட்பார்கள். கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "மேடம், நாங்க மூணு பேரு" என்று தொடங்கி அதோடு நிறுத்திக்கொள்வார்கள். பெரும்பாலும் வழக்கு என்று எதுவும் இருக்காது. அப்படி வந்த ஒரு குடும்பம் வாடகை வீட்டில் இருந்தது. மூன்றாமவர் யாரென்று வீட்டுக்காரர் கேட்டதற்குச் சித்தி மகள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். சித்தி எந்த ஊர் என்று அடுத்த கேள்வி வந்தது. வாய்க்கு வந்த ஓர் ஊரைச் சொன்னார்கள். வீட்டுக்காரருக்கு அந்த ஊரில்தான் சம்பந்தி வீடு. அதன் பிறகு இரண்டு வாரம் தூக்கமில்லாமல் இருந்துவிட்டு, வீட்டைக் காலி செய்யச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா என்று கேட்க என்னிடம் வந்தார்கள். வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்து அதற்கான பதிலைச் சொன்னேன். ஆனால் அவர்கள் அன்று பேசியதில் முக்கால் பங்கு, பேச ஆள் இல்லாததால் வக்கீலிடம் வந்து பேசிய பேச்சு. அதற்கு இடம் வேறு எங்காவது இருக்க வேண்டும்.

உங்கள் அறிவிப்பில் 'அனைவரையும் அன்போடு வரவேற்கிறோம்' என்ற வரி மீண்டும் மீண்டும் வருகிறது. வரவேற்பு வாசலில் முடிந்துவிடுகிற காரியம் இல்லை என்பது நம் ஊர்க் கல்யாண வீடுகளில் பந்தி விசாரிக்கிற எவருக்கும் தெரியும்: கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தவர் இலையில் சாம்பார் விழுந்ததா என்று பார்ப்பதற்குத்தான் அவரை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். உங்கள் வட்டத்தில் அந்தக் கடைசி வரிசை எது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் அது சம்பாத்தியம் இல்லாத மனைவி, ஒரு தம்பதியின் உறவுக்குள் பின்னால் வந்து சேர்ந்த மூன்றாமவர், சாதி தெரிந்தால் உயிருக்கே ஆபத்து வரக்கூடியவர். இவர்களைக் கருதி எழுதிய விதிகள் மற்றவர்களுக்கும் போதுமானவையாக இருக்கும். மற்றவர்களைக் கருதி எழுதியவை இவர்களுக்கு உதவுவதில்லை.

படிவத்திலிருந்தே தொடங்குகிறேன். பெயருக்கு அடுத்து 'சொந்த ஊர்', அதற்கு அடுத்து 'வசிக்கும் தெரு' என்று கட்டம் போட்டிருக்கிறீர்கள். வேறு நகரத்தில் அச்சடித்த படிவத்தைப் பார்த்து எழுதினீர்களோ என்று நினைத்தேன். மதுரையில் சொந்த ஊரைக் கேட்பதும் சாதியைக் கேட்பதும் ஏறக்குறைய ஒன்றே. ஊரோடு தெருவையும் சொல்லிவிட்டால் ஏறக்குறைய என்பதும் தேவையில்லை. நாலு பேர் கூடினால், "தம்பிக்கு எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை?" என்ற விசாரணை தானாகவே தொடங்கிவிடுகிற மண் இது. உங்கள் வட்டத்தின் முதல் விதியே, ஊரையும் தெருவையும் வேலை பார்க்கும் இடத்தையும் யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்பதாக இருக்க வேண்டும். சொந்தப் பெயரைச் சொல்லவும் எவரும் கட்டாயப்படுத்தப்படக் கூடாது. கோகுல்ராஜ் கொலை வழக்கில் 2022 மார்ச் மாதம் தீர்ப்பு வழங்கியது மதுரைச் சிறப்பு நீதிமன்றம். வேறு சாதிப் பெண் ஒருவரோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காகவே கொல்லப்பட்ட இளைஞரின் வழக்கு அது. அங்கே காதல் என்பதற்குக்கூடத் தேவை ஏற்படவில்லை. சேர்ந்து நின்று பேசியதே போதுமானதாக இருந்தது. இரண்டு பேருக்கே இந்த நிலை உள்ள நாட்டில் மூன்று பேர், நான்கு பேர் உறவில் இருப்பவர்களின் ஊர், தெரு விவரங்களை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறீர்கள். அந்தக் கோப்பு யார் வீட்டு அலமாரியில் இருக்கும்?

வாட்ஸ்அப் குழுவும் அப்படித்தான். சாதாரணக் குழு ஒன்றில் சேர்க்கப்பட்ட ஒவ்வொருவருடைய எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். கூட்டத் தேதியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். சிரமம்தான், இருந்தாலும் செய்யுங்கள்.

அடுத்தது, 'இணையின் சம்மதம்: உண்டு / இல்லை' என்ற கட்டம். ஒருவருடைய சம்மதத்தை இன்னொருவர் டிக் அடித்துத் தருவது எனக்குப் பிடிபடவில்லை. சில காலத்துக்கு முன் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தார். கையில் இணையத்திலிருந்து அச்செடுத்த சில தாள்கள். இடையிடையே மஞ்சள் ஹைலைட்டரால் கோடிட்டிருந்தது. அவருடைய கணவர் நெடுநாளாக மறைத்து வைத்திருந்த உறவு ஒன்று வெளிப்பட்ட மறுவாரம் அந்தத் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்து, இதற்குப் பாலிஅமரி என்று பெயர், உலகம் முழுவதும் இருக்கிறது, நீயும் வேண்டுமானால் யாரையாவது பார்த்துக்கொள் என்றாராம். அந்தப் பெண் என்னிடம் கேட்டது இதுதான்: "நான் சரின்னு சொன்னாத்தான் வீட்டுச் செலவுக்குக் காசு வரும் மேடம். அப்ப நான் சொல்ற சரி, சரியா?" உங்கள் படிவத்தை அந்தக் கணவர் நிரப்பியிருந்தால் 'உண்டு' என்றுதான் அடித்திருப்பார்.

ஆகவே அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு வேறொன்றைச் செய்யலாம். தம்பதியாக வருகிறவர்களோடு முதல் சந்திப்பில் தனித்தனியாகப் பத்து நிமிடம் பேசுங்கள். பெண்ணிடம் பெண் ஒருவர் பேசட்டும். "உங்களுக்கு இதில் விருப்பமா?" என்று கேட்டால் பக்கத்தில் கணவர் இல்லாவிட்டாலும் பலர் தலையாட்டுவார்கள். "வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். கேள்வியை இப்படி மாற்றியதும் வருகிற பதிலும் மாறுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். விருப்பமில்லாமல் இழுத்து வரப்பட்டவரை வெளியே அனுப்பிவிடாதீர்கள். வட்டத்தில் உட்கார்ந்து, 'எனக்கு இது வேண்டாம்' என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். அவரைத் திருத்துவதற்காக யாரும் வாய் திறக்கக் கூடாது. பொறாமையை வென்றுவிட்டதாகச் சொல்பவர்கள் எந்தக் கூட்டத்திலும் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்கள் பேச்சு நீண்டுகொண்டே போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தின் நிலையையும் நீங்கள் சற்றுக் கூர்ந்து புரிந்துகொள்ள வேண்டும். அறிவிப்பில் 'இன்று இது முற்றிலும் சட்டப்படி சரி' என்று எழுதியிருப்பது பாதி உண்மை. வயதுவந்தவர்கள் விரும்பி மேற்கொள்ளும் உறவு குற்றமாகாது. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு நீக்கியது. அதே மாதம் 6ஆம் தேதி, அச்சட்டத்தின் 377ஆவது பிரிவு ஒருபால் உறவினரைத் தொடாதபடி செய்யப்பட்டது. தன் குடும்பத்தைத் திருமணத்தின் வழியாக மட்டுமே ஒருவர் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்று சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று 2025 மே மாதம் சொன்னது. அது இரண்டு பெண்கள் தொடர்பான வழக்கு. மூன்று பேர் வீட்டுக்கு அதை நீட்டிப் படிக்கலாமா என்பது இன்னும் எந்த வழக்கறிஞரும் உறுதி கூற முடியாத விஷயம்.

மறுபக்கமும் இருக்கிறது. பிறன்மனை உறவு குற்றம் இல்லை என்று ஆனாலும், 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின்படி மணமுறிவு கேட்பதற்கு அது இன்றும் போதுமான காரணம். அதைவிடக் கடுமையானது ஜீவனாம்சம். மனைவி வேறொருவரோடு தகாத உறவில் வாழ்கிறார் என்று காட்டிவிட்டால் அவருக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவில் இருந்த விலக்கு, அதற்குப் பதிலாக வந்த புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவிலும் அப்படியே இருக்கிறது. கணவரின் முழுச் சம்மதத்தோடு இன்னொருவரை நேசித்த ஒரு பெண், நாளை கணவர் மனம் மாறினால், அந்தச் சம்மதத்தை எதைக் கொண்டு நிரூபிப்பார்? மூன்றாமவராக வரும் பெண்ணின் நிலை இன்னும் மோசம். மணமானவர் என்று தெரிந்தே ஒருவரோடு வாழும் பெண், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் சொல்லும் 'திருமணத்தைப் போன்ற உறவு' என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒளிவு மறைவின்றி, எல்லாம் அறிந்து ஒப்பிச் சேர்வதுதான் பன்மைக்காதலின் அடிப்படை. அப்படி அறிந்து சேர்ந்தவர் என்பதே அவருக்கான பாதுகாப்பை இல்லாமல் செய்துவிடுகிறது. இதை வட்டத்தில் சேர வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் கூட்டத்திலேயே சொல்லியாக வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயர் இருக்கட்டும், சம்பாத்தியம் அவருடைய சொந்த வங்கிக் கணக்கில் இருக்கட்டும், அவர் போட்ட நகைக்கும் பணத்துக்கும் எழுத்து இருக்கட்டும். காதலைப் பற்றிப் பேச வந்த இடத்தில் வங்கிக் கணக்கைப் பேசுகிறார்களே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

ஆண்டு விழாவில் 'உறவு ஏற்பு நிகழ்வு' நடத்தி மாலை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனையும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். வேறு மாநிலங்களில் இது வெறும் அடையாளச் சடங்காக இருந்துவிட்டுப் போகலாம். அண்ணா முதல்வராக இருந்த 1967இல் கொண்டுவந்த திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7ஏ பிரிவின்படி, தமிழ்நாட்டில் இரண்டு இந்துக்கள் உறவினரோ நண்பர்களோ கூடியிருக்க ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலும், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் அது செல்லத்தக்க திருமணம். சுயமரியாதைத் திருமணத்துக்காகப் போராடிப் பெற்ற உரிமை அது. ஆனால் ஏற்கெனவே மணமான ஒருவர் உங்கள் மேடையில் மாலை மாற்றினால், இருதார மணம் நடந்தது என்று சாட்சிகளோடு வழக்குப் போட அதே பிரிவு வழி செய்து கொடுத்துவிடும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆவது பிரிவில் அதற்கு 7 ஆண்டு வரையும், முதல் திருமணத்தை மறைத்திருந்தால் 10 ஆண்டு வரையும் சிறை. முதல் மனைவி சம்மதித்தார் என்பது எதிர்வாதமாகாது. மனைவியின் சார்பில் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர் முதல் தாய்மாமன் வரை புகார் தரவும் சட்டம் இடம் கொடுக்கிறது. நம் பக்கத்துத் தாய்மாமன்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டத்தில் படம் எடுப்பதும் ஒலிப்பதிவு செய்வதும் அறவே கூடாது. மனைவியின் கைப்பேசி விவரங்களை அவருக்குத் தெரியாமல் கணவர் எடுத்து வந்தால் சான்றாக ஏற்க முடியாது என்று 2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தபோது எங்களில் பலர் நிம்மதி அடைந்தோம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கணவன் மனைவிக்கிடையே மறைவாகப் பதிவு செய்த பேச்சையும் மணமுறிவு வழக்கில் சான்றாகக் கொள்ளலாம் என்று வேறொரு வழக்கில் சொல்லிவிட்டது. எனவே இன்று எடுக்கிற குழுப்படம் நாளை எந்த வழக்கில் எந்த ஆவணமாக வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

அறிவிப்பின் தொடக்கத்தில் 'நம் முருகனுக்கே இரண்டு துணைவியர்' என்று எழுதியிருப்பதை எடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பக்தர்கள் மனம் புண்படும் என்பது ஒரு காரணம்; ஆனால் அது எனக்கு முதன்மையானது இல்லை. சின்ன வீடு வைத்திருந்த எல்லா ஆண்களும் காலம் காலமாகச் சொல்லிவந்த சமாதானம் அது. சின்ன வீடு என்பது ஊர் முழுக்க அறிந்திருந்தும் வீட்டுக்குள் மட்டும் யாரும் பேசக் கூடாத ஏற்பாடு. அதில் இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கொரு வாயடைப்பு. நீங்கள் தொடங்க நினைப்பதற்கு நேர் எதிரானது. போதாக்குறைக்கு, திருப்பரங்குன்றத்தில் தெய்வானைக்கும் வள்ளிக்கும் நடந்த சண்டையைத் தோழியர் வரை இழுத்துப் பரிபாடலே பாடி வைத்திருக்கிறது. எடுத்துக்காட்டாகச் சொல்ல வந்தவர்கள் அதையும் சேர்த்துச் சொல்வதில்லை.

வட்டத்தை நடத்துவது பற்றி. பொறுப்பாளர்கள் மூன்று பேர் என்றும் மூவரும் ஒரே வீட்டில் வாழும் இணையர் என்றும் போட்டிருக்கிறீர்கள். உங்கள் துணிவை மதிக்கிறேன். ஆனால் உங்களில் ஒருவர் மீது புகார் வந்தால் அதை யாரிடம் கொடுப்பது? பொறுப்பாளர்களில் ஒருவராவது உங்கள் உறவுக்கு வெளியே இருப்பவராக, முடிந்தால் தனியாளாகவோ ஒருவரோடு மட்டுமே வாழ்பவராகவோ இருக்கட்டும். புதிதாக வரும் இளம்பெண் ஒருவரை, 'எங்களுக்கு ஒரு மூன்றாமவர் வேண்டும்' என்று ஒரு தம்பதி குறிவைத்துச் சுற்றிச் சுற்றி வருவது இத்தகைய வட்டங்களில் உலகெங்கும் காணப்படும் தொல்லை. அவர்கள் சொல்லும் நிபந்தனைகளை அப்படியே ஏற்று, அவர்களில் ஒருவர் வேண்டாம் என்றதும் கிளம்பிவிட வேண்டிய ஆளாக அந்தப் பெண்ணை நினைக்கிறார்கள். முதல் மூன்று கூட்டங்கள் வரை புதியவரிடம் எவரும் எண் கேட்கக் கூடாது என்று ஒரு விதி வைத்தாலே இதில் பாதி நின்றுவிடும்.

விதி மீறியவரை என்ன செய்வது என்ற இடத்தில் 'உறுப்பினர் அனைவரும் கூடி விசாரித்து முடிவெடுப்பர்' என்று இருக்கிறது. வேண்டாம். நம் ஊரில் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு பெண்ணின் புகாரை விசாரித்தால் அது பஞ்சாயத்தாகத்தான் முடியும். பெரியவர் ஒருவர், "சரி விடும்மா, பேசித் தீர்த்துக்கலாம்" என்பார், பாதிக்கப்பட்டவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். புகாரை இரண்டு பேர் தனியாகக் கேளுங்கள், புகார் கொடுத்தவர் பெயரை வெளியே விடாதீர்கள், தேவைப்பட்டால் மீறியவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மிரட்டலோ பாலியல் வன்முறையோ என்றால் வட்டத்துக்குள் தீர்க்க முயலாமல், அவர் விரும்பினால் காவல் நிலையத்துக்குத் துணையாகச் செல்லுங்கள்.

விசாரிக்கிற இடத்தில் உட்காருபவர்களுக்கு ஒரு முன்மாதிரியும் நம் மதுரைத் தொடர்புள்ள வழக்கிலேயே இருக்கிறது. ஒருவரையொருவர் நேசித்த இரண்டு பெண்கள் பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்குச் சென்று நீதிமன்றத்தை நாடினார்கள். 2021 ஜூன் 7 அன்று ஆணை பிறப்பித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றித் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் தானே அமர்ந்து கேட்டறிந்த பிறகே அதை எழுதினார். மூன்று பேராக வாழ்வதாலேயே திருநர்களைப் பற்றியும் ஒருபால் ஈர்ப்பினரைப் பற்றியும் உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதாக ஆகாது.

மீதி உள்ளவை சிறியவை. கூட்டத்தைத் தமிழில் நடத்துங்கள். வடபழஞ்சியில் கணினி வேலை பார்ப்பவருக்கு மட்டுமன்றிச் செல்லூரில் தறி ஓட்டுபவருக்கும் புரிய வேண்டும். மாலை ஆறு மணி என்பதை மூன்று மணியாக்குங்கள், உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் திரும்ப வேண்டிய பெண்கள் இருட்டுவதற்குள் பேருந்து ஏற வேண்டும். புதியவரை முதலில் சந்திப்பது புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகம் போல எவரும் வந்துபோகிற இடமாக இருக்கட்டும். பூங்காக்கள் வேண்டாம், அங்கே ஜோடிகளை விசாரிக்கத் தடியோடு யாராவது வந்துவிடுகிறார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கூட்டம் வைத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்குத்தான் எல்லோருடைய உறவினர்களும் மதுரையில் இருப்பார்கள். உடல்நலப் பரிசோதனை பற்றிப் பேசும்போது அரசு ராஜாஜி மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தைச் சொல்லுங்கள். எச்ஐவி பரிசோதனை அங்கே இலவசம், முடிவை வெளியிடக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம். பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள்.

சட்டம் பற்றிய அமர்வுக்கு நான் வரத் தயாராக இருக்கிறேன், கட்டணம் வேண்டாம். பெண்களுக்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. ஊர், தெரு, இணையின் சம்மதம் ஆகிய மூன்று கட்டங்களையும் நீக்கிய படிவத்தை, இந்த மடல் உங்களுக்கு வந்த அதே வழியில் எனக்கு அனுப்பி வையுங்கள். ஏற்கெனவே நிரப்பி வாங்கிய படிவங்கள் இருந்தால் அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு குடும்பநல வழக்கறிஞர்